எட்டுப் பேர் கை தூக்கவில்லை. மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) என்ன எழுதுவது?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் புதிய செயலாளர் நான். பராமரிப்புக் கட்டணம் பற்றிய துணைவிதியைத் திருத்தப் பொதுக்குழுவில் கை உயர்த்தச் சொன்னோம். வந்திருந்த 60 பேரில் 40 பேர் ஆதரவு, 12 பேர் எதிர்ப்பு. 8 பேர் சும்மா இருந்துவிட்டார்கள். ‘பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறியது’ என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாது. துணைவிதியைத் திருத்தப் பொதுவாகச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்குப் பெரும்பாலும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எதில் நான்கில் மூன்று என்பதுதான் வம்பு. வாக்களித்தவர்களில் என்றால் 52 பேருக்கு 39 போதும். உங்கள் 40 தேறிவிடும். வந்திருந்தவர்களில் என்றால் 60-க்கு 45 வேண்டும், தீர்மானம் தோற்றுவிட்டது. சும்மா இருந்த எட்டுப் பேர்தான் முடிவைத் தீர்மானிக்கிறார்கள்! சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானதோ அதன் வாசகத்தையும் துணைவிதியையும் எழுத்தெண்ணிப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

குறிப்பில் எண்களை அப்படியே தாருங்கள்: ‘வருகை 60. ஆதரவு 40, எதிர்ப்பு 12, வாக்களிக்காதோர் 8.’ அதன் கீழே தலைவர் அறிவித்த முடிவு. அதை அறிவிக்க வேண்டியவர் தலைவர். நீங்களாகக் கணக்குப் போட்டு முடிவு எழுதக் கூடாது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களும் வேண்டும். பாதியில் எழுந்து போனவர்கள் உண்டென்றால், வாக்கெடுப்பின்போது குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

‘ஒருமனதாக’ என்ற சொல்லை நம் சங்கங்கள் திருநீறு போலத் தூவுகின்றன. ஒருவர் எதிர்த்தாலும் அதை எழுத முடியாது. எதிர்த்தவர் தம் பெயரைப் பதிவு செய்யச் சொன்னால் தயங்காமல் எழுதுங்கள். அவர் பேசிய பேச்சு முழுவதும் தேவையில்லை. நிறுவனங்களின் இயக்குநர் கூட்டங்களில் உடன்படாதவர் பெயரைக் குறிக்கும்படி 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமே சொல்கிறது. ரகசிய வாக்கெடுப்பு என்றால் மட்டும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீர்மான வாசகத்தை வாக்கெடுப்புக்கு முன்பே உரக்கப் படித்து, படித்ததையே எழுதுங்கள். ‘லிஃப்ட் பழுதுபார்க்க முடிவானது’ என்ற வரியை வைத்துக்கொண்டு பொருளாளர் காசோலை எழுத முடியுமா? ‘பி பிளாக் லிஃப்டின் கயிற்றை ரூ.1,80,000-க்கு மிகாமல் மாற்ற, மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, மார்ச் 31-க்குள் பொருளாளர் முடிக்க வேண்டும்’ என்றால் பின்னால் வாக்குவாதம் இல்லை.

மினிட்ஸ் நோட்டின் பக்கங்களுக்கு எண் இடுங்கள். தாளை ஒட்டாதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். கையொப்பத்துக்கு முன் பிழை தெரிந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தலைவரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். கையொப்பம் ஆன பிறகு தெரிந்தால் பழைய பக்கத்தைத் தொடாமல், அடுத்த கூட்டத்தில் திருத்தத்தை வைத்து அதையும் பதிவு செய்யுங்கள்.