கருத்துக் கேட்டார்கள், அப்புறம்?

நகராட்சித் திட்டம், பள்ளி நிர்வாகம், மக்கள் கருத்து பற்றித் தென்னாப்பிரிக்க வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் நகராட்சி பட்ஜெட் கூட்டம் என்று ஹாலுக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய் பற்றி மூன்று வருஷமாகப் பேசியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இனியும் போகத்தான் வேண்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

போங்கள். ஆனால் ஏப்ரலில் மட்டும் போவதுதான் கோளாறு.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குப் பத்து மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் முடிவதற்குள், எந்தத் தேதியில் என்ன நடக்கும் என்ற கால அட்டவணையை மேயர் கவுன்சிலில் வைக்க வேண்டும் என்கிறது நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். ஜூலைக்கு 90 நாள் முன்பு வரைவு பட்ஜெட் தாக்கலாகிவிட வேண்டும். 30 நாள் இருக்கும்போது அதை நிறைவேற்றுவது பற்றிக் கவுன்சில் கூடிப் பேச வேண்டும். ஆக, ஏப்ரலில் உங்கள் ஹாலுக்கு வருவது கூட்டிக் கழித்துச் சரிபார்த்த கணக்கு. அதில் புதிதாக ஒரு கால்வாயை நுழைக்க வேண்டுமானால் இன்னொரு வார்டின் வேலையை வெட்ட வேண்டும். யார் வெட்டுவார்கள்?

புது வேலை கேட்கும் காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஐ.டி.பி. எனப்படும் ஐந்தாண்டுத் திட்டத்தின் வருடாந்தர மறுஆய்வுக்கு வார்டுத் தேவைகளைப் பெரும்பாலும் அப்போதுதான் தொகுப்பார்கள். ஆகஸ்டில் அந்த அட்டவணையின் நகலை வாங்கி வையுங்கள். ஏப்ரலில் செய்ய வேண்டியது, நீங்கள் கேட்டது உள்ளே வந்திருக்கிறதா, தொகை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது.

இன்னொரு தவறு, விளக்கையும் கால்வாயையும் ஒரே கடிதத்தில் எழுதுவது. எரியாத விளக்கு பராமரிப்புக் கணக்கு. புகார் எண் வாங்கித் துரத்த வேண்டிய விஷயம். புதிய கால்வாய் மூலதனச் செலவு. இரண்டும் ஒரே தாளில் போனால், சுலபமானதைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். கால்வாய்க்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். வார்டு எண், தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் எந்த வீட்டின் எத்தனையாவது படிவரை ஏறியது, தேதியோடு இரண்டு புகைப்படம், வரைவுத் திட்டத்தில் அந்த இடம் வரும் பக்க எண், அல்லது ‘எங்குமே இல்லை’ என்ற ஒரு வரி. “எங்கள் பகுதியைப் புறக்கணிக்கிறீர்கள்” என்று தொடங்கும் மூன்று பக்கத்தைவிட இந்த அரைப் பக்கத்துக்குத்தான் பொறியாளர் பதில் எழுத முடியும்.

எழுதத் தெரியாத முதியவர்கள் இருந்தால், நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். எழுத்தில் கருத்துக் கேட்கும் அறிவிப்பில், எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் வந்து சொன்னால் எழுதிக்கொள்ள ஓர் ஊழியரைப் பெயரிட்டுக் குறிப்பிட்டிருக்க வேண்டும். பல அறிவிப்புகளில் அந்த வரி இருக்கும்; அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

வார்டு கமிட்டியில் சேர்ந்தால் ஏதாவது சாதிக்க முடியுமா?
– வாசகி, டோங்காட்

கவுன்சிலர் தலைவர், அவரைத் தவிர அதிகபட்சம் 10 பேர். கமிட்டிக்கு முக்கியமாக இருப்பது பரிந்துரைக்கும் உரிமை, பணத்தைத் தொடும் உரிமை அல்ல. பரிந்துரை மினிட்ஸில் ஏறியதா, கவுன்சிலுக்குப் போனதா என்று விடாமல் கேட்கிற ஒருவர் கமிட்டிக்குள் இருந்தாலே பாதி வேலை நடந்துவிடும். அதற்குப் பொறுமை இருந்தால் சேருங்கள்.

மகள் கேப் டவுனில் வேலை செய்கிறாள். பேரனை நான்தான் வளர்க்கிறேன். பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் எனக்கு ஓட்டு கிடையாது என்று ஆபீசில் சொன்னார்கள். சரியா?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

சரியில்லை. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தில் ‘பெற்றோர்’ என்றால் பெற்றவர் மட்டுமல்ல. பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டவரும் அதில் அடக்கம். பள்ளிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லையென்றால் எழுதிக் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். கடைசித் தேர்தல் 2024 மார்ச்சில் நடந்தது. பதவிக்காலம் மூன்று ஆண்டு, அடுத்தது 2027. நீங்களே நிற்கவும் செய்யலாம், அம்மா. அந்தப் பள்ளியில் சம்பளத்துக்கு வேலை செய்பவராக மட்டும் இருக்கக் கூடாது.

பள்ளிக் கட்டணத்தை உயர்த்தக் கூட்டம் போட்டார்கள். அங்கே போனதும்தான் பட்ஜெட் தாளைக் கையில் கொடுத்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். இது செல்லுமா?
– வாசகர், மெர்பேங்க்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பட்ஜெட் கூட்டத்துக்கு 14 நாள் முன்பிருந்தே பள்ளியில் பார்வைக்குக் கிடைக்கும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். பள்ளிகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இது. கூட்டத்துக்கு வந்து வாக்களிக்கும் பெற்றோரில் பெரும்பான்மையே முடிவு செய்யும். வராதவர்களைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அறிவிப்பு வந்த தேதியைக் காட்டும் தாளோ வாட்ஸாப் செய்தியோ இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் பிறகு மாகாணக் கல்வித் துறைக்கும் எழுதுங்கள்.

நாற்பது பெற்றோர் கையெழுத்துப் போட்டால் பள்ளியில் தமிழ் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?
– தமிழ்ப் பள்ளி ஆசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இந்த நாற்பதைப் பலர் தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1997-இன் கல்வி மொழி விதிமுறைகளில் அந்த எண் உண்டு: ஒரே வகுப்பில் 1 முதல் 6 வரை 40 பேர், 7 முதல் 12 வரை 35 பேர். ஆனால் அது பயிற்றுமொழிக்கான கணக்கு. எல்லாப் பாடத்தையும் ஒரு மொழியில் நடத்தக் கேட்பது வேறு, தமிழை ஒரு பாடமாக வைக்கக் கேட்பது வேறு. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. ஆட்சி மொழிகளின் பட்டியலில் அல்ல. மொழி வாரியம் ஊக்குவித்து மதிப்புப் பெற்றுத்தர வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில்.

உண்மையான முட்டுக்கட்டை கால அட்டவணை. 4 முதல் 6-ஆம் வகுப்புவரை வாரத்துக்கு 27.5 மணி நேரம். தாய்மொழி 6, முதல் கூடுதல் மொழி 5, கணிதம் 6, அறிவியலும் தொழில்நுட்பமும் 3.5, சமூக அறிவியல் 3, வாழ்க்கைத் திறன் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக முடிந்துவிடும். மூன்றாவது மொழிக்கு அங்கே நாற்காலியே இல்லை. ஆக, இந்த வகுப்புகளில் தமிழ் பள்ளி மணிக்கு வெளியே, பெரும்பாலும் பிற்பகலில்தான் உட்காரும். ஆசிரியருக்கு அரசு இடம் கிடைக்காவிட்டால் நிர்வாகக் குழு தன் பணத்தில் நியமிக்கலாம். அவர் ஆசிரியர் பேரவையான சேஸில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

அதனால் வெறும் கையெழுத்து மனு போதாது. பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தக் கிழமை தங்க முடியும், வீட்டுக்கு எப்படிப் போகிறது, பெற்றோர் மாதம் எவ்வளவு தர முடியும், கையெழுத்து என்று கட்டம் போட்ட ஒரு தாள் தயாரியுங்கள். ‘எப்படிப் போகிறது’ என்ற கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பள்ளி வேன் இரண்டரைக்குக் கிளம்பினால் மூன்று மணித் தமிழ் வகுப்பில் யார் இருப்பார்கள்? அந்தத் தாளோடு நிர்வாகக் குழுவைப் பாருங்கள். பள்ளியின் மொழிக் கொள்கையையே மாற்றுவதானால், 2024-இல் வந்த, பேலா எனப்படும் அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு குழுவின் முடிவோடு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும்.

மக்கள் பங்கேற்புக்குத் தேசிய அளவில் ஒரு திட்டம் எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும்? நல்ல சட்டங்கள் இருந்தும் ஏன் சறுக்குகிறது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், லெனேசியா

சட்டமன்றங்களுக்கென்று 2013-இல் ஒரு பங்கேற்புச் சட்டகம் வந்தது, தாளுக்குப் பஞ்சமில்லை. சறுக்கும் இடத்தை நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே பார்க்கலாம். மட்டாட்டியேல் என்ற ஊரை குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து ஈஸ்டர்ன் கேப்புக்கு மாற்றியபோது ஈஸ்டர்ன் கேப்பில் மக்கள் கருத்துக் கூட்டம் நடந்தது. குவாசுலு-நட்டால் சட்டமன்றம் மக்களைக் கேட்கவேயில்லை. 2006-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லாது என்றது. நில மீட்புத் திருத்தச் சட்டத்தை 2016-இல் ரத்து செய்தது, கருத்துக் கேட்பதை அவசர அவசரமாக நடத்தியதற்காக. 2023-இல் பாரம்பரிய, கோய்-சான் பழங்குடித் தலைமைச் சட்டமும் அப்படியே விழுந்தது. மசோதாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பையே பல இடங்களில் மக்களுக்குத் தரவில்லை.

ஆகவே திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது, எது இன்னும் முடிவாகவில்லை என்பது. முடிந்ததையும் முடியாததையும் கலந்து கேட்டால் ஜனங்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அடுத்து மொழி. நம் சங்கங்கள் உடனே தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கும். ஆனால் சாட்ஸ்வொர்த்தில் இன்று தமிழ்க் குடும்பங்கள் ஆங்கிலம்தான் பேசுகின்றன, அதே கூட்டத்துக்கு வரும் பலருக்கு ஜூலு வேண்டும். பணம் குறைவென்றால் முதலில் ஜூலுச் சுருக்கம். பஸ் கட்டணமும் மாலை நேரமும் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கட்டும். ‘இதர செலவு’ என்றால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

எல்லாவற்றையும்விட நாங்கள் வற்புறுத்துவது பதில் பட்டியல். நான்கு கட்டம்: வந்த கருத்து, எத்தனை பேர், ஏற்றோமா, ஏன். முடிவெடுப்பவர்கள் கையில் இது வாக்கெடுப்புக்கு முன்பே இருக்க வேண்டும். பிறகு ஹால் வாசலிலும் ஒட்ட வேண்டும். இப்போது அறிக்கைகளில் “312 பேர் கலந்துகொண்டனர்” என்கிற மாதிரி ஒரு வரிதான் வருகிறது. அது நாற்காலி வாடகைக்கான கணக்கு.

ஒரே கடிதத்தை வாட்ஸாப்பில் ஐந்நூறு பேருக்கு அனுப்பி எல்லோரும் அனுப்பினால் பலம்தானே?
– வாசகர், ஃபீனிக்ஸ்

தொகுப்பவர் அதை ஒரு கருத்து, ஐந்நூறு ஆதரவு என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். கடிதத்தின் நடுவே மூன்று வரி காலியாக விட்டு, அவரவர் வீட்டு நிலையை அவரவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.