பூட்டையே மாற்றவா, சிலிண்டரை மட்டுமா?

கேள்வி: வேறொருவர் குடியிருந்த வீட்டை வாங்கியிருக்கிறோம். விற்றவர் மூன்று சாவிகளைக் கொடுத்து, 'இவ்வளவுதான்' என்றார். எல்லாப் பூட்டுகளையும் மாற்றியாக வேண்டுமா? நாங்களே செய்யலாமா?

பதில்: விற்றவர் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பு வாடகைக்கு இருந்தவரோ வேலைக்கு வந்துபோனவரோ போட்டு வைத்த நகல் சாவி அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் மாற்றுங்கள். பூட்டு முழுவதையும் கழற்றி எறிய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது; சாவி நுழையும் பகுதியான சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும்.

முதலில் சாவியைப் பாருங்கள். தட்டையாக, விளிம்பில் ரம்பப் பல்லோ பக்கவாட்டில் சிறு குழிகளோ இருந்தால் சிலிண்டர் பூட்டு. நீண்ட தண்டும் நுனியில் சிறு கொடி போன்ற தகடும் இருந்தால் லிவர் பூட்டு.

கதவுக்குள் பதித்த சிலிண்டர் பூட்டென்றால் வேலை எளிது. திருப்புளியும் அளவுகோலும் போதும். கதவைத் திறந்து வையுங்கள். கதவின் விளிம்பில் உள்ள தகட்டில், சாவித்துளைக்கு நேராக ஒரு ஸ்க்ரூ இருக்கும். 5 மி.மீ. விட்டமுள்ள அந்த நீண்ட ஸ்க்ரூவை முழுவதும் வெளியே எடுங்கள். சாவியைப் போட்டு 10 முதல் 15 டிகிரி வரை மெல்லத் திருப்பிக்கொண்டே சிலிண்டரை இழுங்கள். நடுவில் துருத்தி நிற்கும் சிறு பல், சிலிண்டரின் உடலோடு ஒரே நேராக வரும் கணத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முரட்டுத்தனமாக இழுத்தால் வராது. பல் இன்னும் மறையவில்லை என்று அர்த்தம்.

பலரும் தவறு செய்வது அளவில்தான். மொத்த நீளத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகக் கூடாது. ஸ்க்ரூ துளையின் மையத்திலிருந்து வெளிப்பக்க நுனி வரை ஓர் அளவு, உள்பக்க நுனி வரை இன்னோர் அளவு. 35+45 என்பதும் 40+40 என்பதும் கூட்டினால் 80 மி.மீ.தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராது. வெளிப்பக்கத்தில் கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து: குறடால் பிடித்து ஒடித்துவிடலாம். ஸ்க்ரூ துளை இருக்கும் நடுப்பகுதிதான் சிலிண்டரின் மெல்லிய இடம், அங்கேதான் ஒடியும். ஒடிப்பதைத் தாங்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய சிலிண்டரையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

புதியதைப் பொருத்தும்போது ஸ்க்ரூவை லேசாக முடுக்கிவிட்டு, இரு பக்கமும் எல்லாச் சாவிகளையும் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பிறகே இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் சிலிண்டர் ஒரு பக்கமாக இழுபட்டு சாவி கடினமாகும். இந்தச் சோதனை முடியும்வரை கதவைச் சாத்தவே கூடாது. திறந்த கதவில் நன்றாகச் சுழலும் சாவி, சாத்தியதும் மக்கர் செய்தால் குற்றம் பூட்டில் இல்லை. கதவு இறங்கியிருக்கும், கீலை முடுக்குங்கள், அல்லது நிலையில் உள்ள தகட்டின் துளையை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குங்கள். சாவி இறுகுகிறதென்று எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் பொடி போதும்.

உள்ளே சாவி செருகியிருக்கும்போது வெளியிலிருந்து திறக்க முடியாத வகைதான் சாதாரணமாகக் கிடைக்கும். குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில், அப்போதும் திறக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்பக்கம் கையால் திருகும் குமிழ் உள்ளது அவசரத்தில் உதவும்; ஆனால் கதவை ஒட்டிக் கண்ணாடி இருந்தால் வேண்டாம், அதை உடைத்துக் கையை விட்டுத் திருகிவிடலாம்.

லிவர் பூட்டில் சிலிண்டர் கிடையாது; பொதுவாக முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும். கதவு விளிம்பிலிருந்து சாவித்துளை மையம் வரை, கைப்பிடித் தண்டிலிருந்து சாவித்துளை வரை, கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டியின் உயரம், இம்மூன்றும் பழையதோடு ஒத்துப்போனால் மரத்தில் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. இதற்குப் பூட்டு வேலை தெரிந்தவரையே அழைப்பேன். சிலிண்டரே தரமானதென்றால், உள்ளிருக்கும் ஊசிகளை மட்டும் மாற்றிப் புதுச் சாவி போட்டுத் தரவும் அவரால் முடியும்.

வண்ணம் பூச, மரவேலை செய்ய ஆட்கள் வந்துபோகும் நாட்களில் புதுச் சாவியை அவர்கள் கையில் கொடுத்தால் மாற்றியதே வீண். வேலை முடியும்வரை மலிவான சிலிண்டர் ஒன்றைப் போட்டு வையுங்கள். பின்கதவு, மாடிக்கதவு, வெளிக்கதவின் தொங்கு பூட்டு ஆகியவற்றையும் விடாதீர்கள். எண் அல்லது கைரேகைப் பூட்டு இருந்தால், பழைய எண்ணை மாற்றுவது மட்டும் போதாது. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, பதிந்துள்ள எல்லாக் கைரேகைகளையும் அழித்த பிறகு உங்களுடையதைப் பதியுங்கள்.