போதிய தொழில்நுட்ப விளக்கம் இல்லை என்று சொல்லி ஒரு காப்புரிமையை எதிர்க்க முடியுமா?

முடியும். ஆனால் 'விவரம் குறைவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மனு நிற்காது. அந்தத் துறையில் சராசரித் திறனும் சராசரி அறிவும் உள்ள ஒருவர், காப்புரிமை ஆவணத்தை மட்டும் படித்துவிட்டு, வழக்கமான சோதனைகளுக்கு மேல் ஆராய்ச்சி எதுவும் செய்யாமல் அந்தக் கண்டுபிடிப்பைச் செயல்படுத்த முடியாது என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் சுட்டுவது கனடாவின் வயாகரா வழக்கு. மருந்து நிறுவனமான ஃபைசரின் காப்புரிமையில் முதல் உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதி) கோடானுகோடி சேர்மங்களை உள்ளடக்கியது. அடுத்தடுத்த கோரல்கள் சுருங்கிக்கொண்டே வந்து, 6-ஆவதும் 7-ஆவதும் தலா ஒரே சேர்மத்தைக் குறித்தன. பலன் தந்த சில்டெனாஃபில், அதாவது வயாகராவின் மூலப்பொருள், 7-ஆவதில் இருந்தது. அதுதான் வேலை செய்யும் மருந்து என்பதை நிறுவனம் அறிந்திருந்தும், 'மிகவும் விரும்பத்தக்க சேர்மங்களுள் ஒன்று' பலன் தந்ததாக மட்டுமே ஆவணம் சொன்னது. இரண்டே சேர்மங்கள்தானே, சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்தச் சோதனையே ஒரு சிறிய ஆராய்ச்சித் திட்டமாகிவிடும் என்பதால், சட்டம் கேட்கும் விளக்கம் தரப்படவில்லை என்று 2012 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவரின் சாமர்த்தியமே அவருக்கு எதிராகத் திரும்பிய வழக்கு இது.

இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு, கண்டுபிடிப்பை முழுமையாக விவரிப்பதோடு, விண்ணப்பதாரருக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையையும் வெளியிடச் சொல்கிறது. காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் 25(1) பிரிவின்படி எதிர்க்கலாம். வழங்கப்பட்ட செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள், அதில் அக்கறை உள்ளவர் 25(2) பிரிவின்படி எதிர்க்கலாம். அதற்குப் பிறகு 64(1)(h) பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். உங்கள் மீதே மீறல் வழக்கு வந்திருந்தால், 107-ஆம் பிரிவின்படி இதையே தற்காப்பு வாதமாக வைக்கலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே மனுவில் 'இது துறையில் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது' என்றும், 'விவரம் போதாததால் எவராலும் செய்ய முடியாது' என்றும் வாதிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் மோதவிடுவார். எந்த உரிமைக்கோரலுக்கு எந்த வாதம் என்று பிரித்து எழுதுங்கள். விவரம் போதாது என்னும் இடத்தில், ஆவணத்தில் உள்ள செய்முறையை அப்படியே பின்பற்றியும் பலன் கிடைக்கவில்லை என்று காட்டும் ஆய்வக முடிவையும் நிபுணரின் பிரமாணப் பத்திரத்தையும் இணையுங்கள்.