காய்கறி, பழக் கழிவை நொதிக்க வைத்து ஹைட்ரஜன் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

எடுக்க முடியும். ஆனால் ஹைட்ரஜனை மட்டும் நம்பி இறங்கினால் கட்டுப்படியாகாது என்பதுதான் என் பதில்.

கணக்கைப் பாருங்கள். இந்தக் கழிவில் 80 முதல் 90 சதவீதம் வெறும் தண்ணீர். ஒரு டன்னில் நுண்ணுயிர்கள் சுலபமாகத் தின்னக்கூடிய சர்க்கரை 50 கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாமல் நொதிக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு அதிகபட்சம் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு கிடைக்கும். அதுவும் உடன் உண்டாவது அசிட்டிக் அமிலமாக மட்டும் இருந்தால். பியூட்டிரிக் அமிலம் உண்டானால் இரண்டுதான். இரண்டு என்றே வைத்தாலும் மொத்தம் சுமார் 1.1 கிலோ ஹைட்ரஜன். ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் மாதிரி ஒரு கார் அதில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ஒரு குட்டியானை நிறையக் கழிவு ஏற்றி வந்ததற்கு அவ்வளவுதான்!

அதே 50 கிலோ சர்க்கரை முழுக்க மீத்தேனாக (சாண எரிவாயுவில் எரியும் வாயு) மாறினால் 13 கிலோ வரும். ஆற்றலில் அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து 17 டன் சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த மீத்தேன், எடுக்கும் திறன் கொண்டது. அங்கே மீத்தேனைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, மீதி ஆற்றல் எங்கே போகிறது? அமிலங்களாக அந்தக் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் எடுத்த கரைசலை அடுத்த தொட்டிக்கு அனுப்பி மீத்தேன் எடுக்கும் இரண்டு கட்ட முறைதான் எனக்கு உருப்படியாகத் தெரிகிறது. முதல் தொட்டிக்கு ஒன்றிரண்டு நாள் போதும், மீத்தேனுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

நுண்ணுயிர் பக்கம் நம் நாட்டிலேயே நல்ல வேலை நடந்திருக்கிறது. கரக்பூர் ஐஐடியில் தேவபிரதா தாஸ் குழுவினர் என்டரோபாக்டர் குளோயேசி என்ற பாக்டீரியாவின் வகை ஒன்றை வைத்து நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள்.

கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. சாணக் கரைசலை அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், ஹைட்ரஜன் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். கழிவையும் சூடாக்குவது நல்லது. காய்கறித் தோலோடு வரும் லாக்டிக் பாக்டீரியாக்கள் இட்லி மாவைப் புளிக்க வைப்பது போலச் சர்க்கரையை அமிலமாக்கிவிட்டுப் போய்விடும், ஹைட்ரஜன் ஒரு குமிழிகூட வராது. பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 5.5 பக்கத்தில் நிற்கட்டும். வாழைப்பழத் தோல், அழுகிய மாம்பழம் எல்லாம் அருமையான சரக்கு. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை மட்டும் அதிகம் போடாதீர்கள், அதிலுள்ள லிமோனீன் எண்ணெய் நுண்ணுயிர்களை முடக்கிவிடும்.

வரும் வாயுவில் ஹைட்ரஜனோடு கார்பன் டை ஆக்சைடும் நிறைய இருக்கும். காஸ்டிக் சோடா கரைசல் வழியாக விட்டால் அது அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்புறம், பாட்டிலைத் திறக்கும்போது கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடித்தால் முகம் சுளிக்காதீர்கள். அது பியூட்டிரிக் அமிலம். ஹைட்ரஜனும் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.