கூப்பிடத்தான் பெயர்

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து மென்பொருள் நிறுவனம் தொடங்குகிறோம். பல பெயர்களை யோசித்து, கடைசியில் 'குளோபல் ஸ்மார்ட் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்' என்று வைக்க முடிவு செய்திருக்கிறோம். பெயரைக் கேட்டதுமே என்ன தொழில் என்று புரிய வேண்டும் அல்லவா? உங்கள் கருத்து என்ன?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பக்கத்து மேஜையில் இருக்கும் உதவி ஆசிரியரிடம் அந்தப் பெயரைச் சொல்லலாம் என்று எழுந்து போனேன். பத்தடி தூரம்தான். போய் நின்றால் ஸ்மார்ட் முதலில் வருமா, டிஜிட்டல் முதலில் வருமா என்று எனக்கே குழம்பிவிட்டது. திரும்பி வந்து கடிதத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "போன வாரம் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போனார்களே, அவர்களா?" அவர்கள் வேறு. அந்த கார்டிலும் ஒரு ஸ்மார்ட் இருந்தது, ஒரு சொல்யூஷன்ஸ் இருந்தது.

நான்கு சொல் வைத்திருக்கிறீர்கள். நான்கில் ஒன்றுகூட உங்களுடையது இல்லை. என்ன தொழில் என்று சொல்ல, பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அதற்கு எப்போதும் இடம் உண்டு. பெயர் இருப்பது கூப்பிடுவதற்கு.

இதே வாதத்தை எழுபது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் ஒரு சின்ன நிறுவனம் நடத்தியிருக்கிறது. 1946இல் தொடங்கியபோது அதன் பெயர் டோக்கியோ சுஷின் கோக்யோ. தொழிலை அப்படியே சொல்லும் பெயர்: டோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியல். வெளிநாட்டுக்காரர்கள் வாயில் அது நுழையவில்லை. நிறுவனர்கள் இபுகாவும் மொரிட்டாவும் அகராதியைப் புரட்டினார்கள். லத்தீனில் ஒலிக்கு 'சோனஸ்' என்று ஒரு சொல் கிடைத்தது. சிறுவனைச் செல்லமாகக் கூப்பிடும் ஆங்கிலச் சொல்லான 'சன்னி'யும் (sonny) அதன் சாயலில் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை ஜப்பானியர் எழுத்துக்கூட்டி வாசித்தால் 'சொன்-னி' என்று வரும்; அவர்கள் மொழியில் 'சொன்' என்றால் நஷ்டம்! கடை திறக்கும்போதே நஷ்டம் என்று பலகை மாட்டுவதா? இரண்டு 'ன்'னில் ஒன்றை எடுத்தார்கள். சோனி பிறந்தது.

1958இல் நிறுவனத்தின் பெயரையே சோனி என்று மாற்றப் போனபோது வங்கிக்காரர்கள் தடுத்தார்கள். பத்து வருஷம் பாடுபட்டுப் பரப்பிய பெயரை விடுவானேன் என்பது அவர்கள் கவலை. வேறு சிலர், சரி, 'சோனி எலெக்ட்ரானிக்' என்றாவது தொழிலைச் சேர்த்து வையுங்கள் என்றார்கள். நீங்கள் கேட்பதும் அதுதான். மொரிட்டா ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு என்ன செய்வோம் என்று இன்றைக்கே பெயரில் ஏன் கட்டிப்போட வேண்டும் என்றார். பின்னாளில் அந்த நிறுவனம் திரைப்படம் எடுத்தது, வீடியோ கேம் விற்றது, ஆயுள் காப்பீடுகூட விற்றது. சேர்த்திருந்தால் அந்த 'எலெக்ட்ரானிக்' காப்பீட்டுப் பத்திரத்திலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

அப்புறம் சட்டம். பொருளை வெறுமனே வர்ணிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்கித் தர டிரேட்மார்க் சட்டங்கள் பொதுவாக இடம் தருவதில்லை. நாளைக்கே எதிரில் ஒருவர் 'நியூ ஸ்மார்ட் டிஜிட்டல்' என்று வந்து உட்கார்ந்தால் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சட்டத்தில் பலமானது, இல்லாத சொல்லை உண்டாக்குவது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கேமராவுக்காக 1888இல் பதிவு செய்த 'கோடாக்' அந்த வகை. அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்தான கே வலுவானது என்று அவருக்கு ஒரு பிரியம். அதனால் முதலிலும் கே, கடைசியிலும் கே.

ஆனால் வெறும் பானையை நிரப்ப நீங்கள்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். பணமும் காலமும் பிடிக்கும். மூன்று பேர் மட்டும் இருக்கும் இடத்தில் நான் சொல்வது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் கொண்டுவந்து வைப்பது. கணினிக்கு ஆப்பிள் என்று 1976இல் வைத்தார்களே, அது மாதிரி. அதே பெயரைப் பழக்கடைக்கு வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

(பெயர் ரொம்பவே பரவினாலும் ஆபத்துதான். 'எஸ்கலேட்டர்' ஓடிஸ் நிறுவனத்தின் சொந்தப் பெயராக இருந்தது. ஊரே நகரும் படிக்கட்டை எல்லாம் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, 1950இல் அமெரிக்காவில் அந்த உரிமை போயே போய்விட்டது. அந்தக் கவலை உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.)

எந்தப் பெயரானாலும் தொலைபேசியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஜெஃப் பெசோஸ் 1994இல் முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா', மந்திரவாதி சொல்லும் அப்ரகடாப்ராவின் வால். தொலைபேசியில் கேட்ட வக்கீலின் காதில் அது 'கடாவர்' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் பிணம். பெயர் அமேசான் ஆயிற்று. வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்த ஊர் மொழிக்காரர் ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள். மிட்சுபிஷியின் பஜேரோ கார், ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் மோன்டேரோ என்ற பெயரில் ஓடியது. காரணத்தை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மூவருக்கும் ஒரே நாளில் பிடிக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். 1971இல் ஃபில் நைட் தன் காலணிகளுக்கு ஆசைப்பட்ட பெயர் 'டைமன்ஷன் சிக்ஸ்'. 'நைக்கி' என்று சொன்னவர் அவரிடம் வேலை பார்த்த ஜெஃப் ஜான்சன். நைட்டுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். மூவருக்கும் உடனே பிடிக்கும் பெயர் பெரும்பாலும் ஏற்கெனவே கேட்ட பெயராகத்தான் இருக்கும். உங்கள் நான்கு சொற்களும் அப்படி வந்தவைதான் என்று நினைக்கிறேன்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ஒற்றைச் சொல்லை எழுதி அடித்திருக்கிறீர்கள். மூன்று எழுத்து. அதைப் படித்து நான்கு நாளாகிறது, இன்னும் மறக்கவில்லை. யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதுவரை நான் அதை இங்கே அச்சிடப் போவதில்லை.