நவம்பர்ல ஜெயிச்சவரை ஜனவரில மாத்த முடியுமா?

தம்பி, அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல டிவில நவம்பர்லயே ஜெயிச்சது யாருன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு ஜனவரி 6 வரைக்கும் இழுக்கறாங்க, நடுவுல யாராவது ரிசல்ட்டை மாத்திட முடியுமான்னு கேட்டிருந்தீங்க. இப்போ ரொம்பவே கஷ்டம். 2022க்கு முன்னாடி கேட்டிருந்தா இவ்வளவு தைரியமா சொல்லியிருக்க மாட்டேன்.

நம்மூர்ல ரிட்டர்னிங் ஆபீசர் சர்டிபிகேட் கொடுத்தா முடிஞ்சுது, சந்தேகம்னா ஹைகோர்ட்ல கேஸ். அமெரிக்கால கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) எண்ணி உறுதி பண்ணி மாநிலத்துக்கு அனுப்பணும், மாநிலத்துல பெரும்பாலும் கவர்னர்தான் (இங்க அவர் ஜனங்க ஓட்டுப் போட்டு வர்றவர்) சர்டிபிகேட் கொடுப்பார், டிசம்பர்ல எலெக்டர்ஸ் (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் அனுப்பற பிரதிநிதிகள்) கூடி ஓட்டுப் போடுவாங்க, அந்தப் பேப்பரையெல்லாம் தோல் பட்டை வெச்ச மஹோகனி பெட்டில வெச்சு ஜனவரி 6 அன்னிக்கு காங்கிரஸ் (அமெரிக்கப் பார்லிமென்ட்) கூட்டத்துக்குத் தூக்கிட்டு வந்து அலபாமால ஆரம்பிச்சு வரிசையா படிப்பாங்க.

இதுக்கு இருந்த சட்டம் 1887ல போட்டது. 1876 தேர்தல்ல சில மாநிலங்கள்ல இருந்து ரெண்டு ரெண்டு எலெக்டர் லிஸ்ட் வந்து, கடைசில 15 பேர் கமிஷன் 8க்கு 7னு முடிவு பண்ணி, ஹேய்ஸ் 185-184னு ஒரே ஓட்டுல ஜனாதிபதி ஆனாரு. அந்த மாதிரி மறுபடி நடக்கக்கூடாதுன்னு எழுதின சட்டமே படிச்சா தலை சுத்தற மாதிரி இருந்துச்சு. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கற துணை ஜனாதிபதிக்கு என்ன அதிகாரம்னு தெளிவா இல்ல, ரெண்டு சபைலயும் ஆளுக்கு ஒருத்தர் ஆட்சேபத்துல கையெழுத்துப் போட்டா போதும், எண்ணறதை நிறுத்திட்டு விவாதம் பண்ணணும். 2020 தேர்தல்ல தோத்த டிரம்ப் பக்கத்து ஆளுங்க 2021ல அந்த ஓட்டையைத்தான் புடிச்சுக்கிட்டாங்க. அப்போ துணை ஜனாதிபதியா இருந்த மைக் பென்ஸ் ரிசல்ட்டை மாத்த முடியாதுன்னு நின்னாரு, சரி, அந்த இடத்துல வேற ஒருத்தர் இருந்திருந்தா? ஒரு நாட்டோட தேர்தல் ஒரு மனுஷனோட மனசாட்சியை நம்பி நிக்கக்கூடாதுங்க.

சூசன் காலின்ஸ், ஜோ மான்சின்னு ரெண்டு கட்சி செனட்டர்களும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தத்துல 2022 டிசம்பர் 29ல பைடன் கையெழுத்துப் போட்டாரு. இப்போ துணை ஜனாதிபதி வேலை வெறும் சடங்குதான்னு சட்டத்துலயே இருக்கு. ஆட்சேபம் பண்ண ஒவ்வொரு சபைலயும் அஞ்சுல ஒரு பங்கு பேர் வேணும், அதாவது செனட்ல 20, கீழ்சபைல 87. 2021ல பென்சில்வேனியா ஆட்சேபத்துக்கு செனட்ல ஓட்டுப் போட்டதே 7 பேர்தான், இந்த விதி அன்னிக்கு இருந்திருந்தா விவாதத்துக்கே வந்திருக்காது. எலெக்டர்ஸ் கூடறதுக்கு 6 நாள் முன்னாடியே மாநில சர்டிபிகேட் வந்தாகணும், வழக்குன்னா மூணு நீதிபதி பெஞ்ச், அங்கிருந்து நேரா சுப்ரீம் கோர்ட். தேர்தல் முடிஞ்சப்புறம் மாநில சட்டசபை தன் இஷ்டத்துக்கு எலெக்டர்ஸை போடறதுக்கு இருந்த வழியையும் அடைச்சுட்டாங்க.

2025 ஜனவரி 6 வாஷிங்டன்ல பனி கொட்டுச்சு, கமலா ஹாரிஸ் தலைமை தாங்கி தன்னோட தோல்வியைத் தானே அறிவிச்சாங்க, ஒரு ஆட்சேபம் கூட இல்ல, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. நம்ம சென்னைப் பொண்ணு ஷியாமளாவோட மகள் அந்த மேடைல நின்ன விதம் எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

என் கவலை இப்போ கீழ்மட்டத்துலதான். 2022ல நியூ மெக்சிகோல ஒட்டேரோ கவுன்டி, அரிசோனால கொச்சீஸ் கவுன்டி ரெண்டும் ரிசல்ட்டை உறுதி பண்ணாம அடம் புடிச்சு, கோர்ட் உத்தரவு போட்டப்புறம்தான் வழிக்கு வந்துச்சு. இந்தத் திருத்தம் கவுன்டிக்குள்ள போய் எதுவும் பண்ணலை, அது மாநில சட்டம் பாத்துக்க வேண்டியது. எங்க கவுன்டில எண்ணிக்கை சரிபார்க்கற கூட்டத்துல போய் உக்காந்திருக்கேன், ரெண்டு கட்சி ஆளுங்களும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு பூத்லயும் வந்தவங்க எத்தனை, ஓட்டுச்சீட்டு எத்தனைன்னு ஒத்துப் பார்த்து, ஒண்ணு குறைஞ்சாலும் ஏன்னு தேடறாங்க. நிறைய இடத்துல இதை யார் வேணா பாக்கலாம், நீங்களும் ஒரு தடவை போங்க.

ஆனா ஹெச்1பி வேலை விசால இருக்கற வரைக்கும் பாக்கறதோட நிறுத்திக்கோங்க. டிஎம்வில (நம்ம ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி) லைசென்ஸ் எடுக்கறப்போ ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணவான்னு ஃபார்ம்ல கேக்கும், பழக்க தோஷத்துல டிக் அடிச்சுடாதீங்க, சிட்டிசன் ஆகாம பதிஞ்சா பின்னாடி கிரீன் கார்டுக்கே ஆபத்தாயிடும்.