கடையைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டில் இது ஓயாத வாதம். மாத மளிகையை மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம் என்கிறேன் நான். விலையைக் குறைத்தவர்கள் தரத்தில் எங்கோ கை வைத்திருப்பார்கள், சாப்பாட்டு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கணவரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் கடையின் மேல் மொத்தமாக வைத்துவிடுகிறார். அலமாரியில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மலிவுக் கடைகளில் விலை எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இந்த வகைக் கடைகளுக்கு முன்னோடி ஜெர்மனியின் ஆல்டி. எஸ்ஸன் நகரில் தம் தாயார் 1913ஆம் ஆண்டில் தொடங்கிய சிறு கடையை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்ல் ஆல்பிரெக்ட், தியோ ஆல்பிரெக்ட் என்ற சகோதரர்கள் ஏற்று நடத்தினார்கள். நிறைய விற்பனையாகும் சில பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, அலங்காரமும் விளம்பரமும் இல்லாமல், அட்டைப் பெட்டியைத் திறந்து அப்படியே அடுக்கி விற்கும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். இன்றும் ஒரு வழக்கமான பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஏறக்குறைய 30,000 வகைப் பொருள்கள் இருக்கும் என்றால், இத்தகைய கடையில் 2,000 வகைகள் இருந்தாலே அதிகம். பத்து வகைத் தக்காளி சாஸுக்குப் பதிலாக ஒரே ஒரு வகையை வாங்குவதால், அந்த ஒன்றைப் பெருமளவில் வாங்குகிறார்கள். உற்பத்தியாளரும் விலையைக் குறைத்துத் தருகிறார். ஊழியர் குறைவு, பெரும்பாலும் சொந்த பிராண்ட், விளம்பரச் செலவும் சொற்பம். ஆகவே நீங்கள் மிச்சம் பிடிக்கும் தொகையில் பெரும்பங்கு பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது.

பெரும்பங்கு என்று சொன்னேனே தவிர, முழுவதும் என்று சொல்லவில்லை. உப்பு, சர்க்கரை, மாவு, பாக்கெட் பால் போன்றவற்றின் சேர்மானத்தைப் பெரும்பாலும் சட்டமோ தர நிர்ணயமோ முடிவு செய்துவிடுவதால், இவற்றில் கூடுதல் விலை கொடுத்துப் பெறுவது அழகான உறையாகத்தான் இருக்கும். பல பொருள்களைச் சேர்த்துச் செய்யப்படும் உணவுகள் வேறு கதை. ஜாம், சாஸ், பிஸ்கட், சாசேஜ், பழச்சாறு பானம், உறைய வைத்த தயார் உணவு ஆகியவற்றில் பழத்தைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டலாம், இறைச்சியைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டலாம், வெண்ணெயை எடுத்துவிட்டு மலிவான தாவரக் கொழுப்பைச் சேர்க்கலாம்; இத்தனைக்குப் பிறகும் பொருளின் பெயர் அநேகமாக அதேதான். உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் ஏற்படுத்திய கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் ஆணையத்தின் லேபிள் விதிப்படி, உட்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட வேண்டும். பெரும்பாலான நாடுகள் இதைப் பின்பற்றுகின்றன. எனவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பொருளின் குணம் தெரிந்துவிடும். இரண்டு கடைகளின் பாட்டில்களிலும் அந்த மூன்றும் ஒன்றாக இருந்து, சதவீதமும் ஏறத்தாழ ஒத்துப்போனால் உங்கள் பக்கம் வெற்றி. மலிவுக் கடை பாட்டிலில் பழத்துக்கு முன்னால் சர்க்கரை வந்து நின்றால் உங்கள் கணவர் பக்கம். இதில் வியப்பு என்னவென்றால், விலை கூடிய கடையின் பாட்டிலிலும் பல நேரங்களில் சர்க்கரைதான் முதலில் நிற்கும்.

விலை கூடிய கடைகள் தங்கள் விலைக்குத் தகுதியானவையாக இருக்கும் இடங்களும் உண்டு. கேட்ட அளவில் வெட்டித் தரும் சீஸ், எந்த நாளில் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த ஆள் நிற்கும் மீன் பகுதி, கைபட்டால் நசுங்கும் அளவுக்குப் பழுத்த பின் வரும் மென்மையான பழங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கான தனி உணவுகள் ஆகியவற்றை 2,000 பொருள் கணக்கில் இயங்கும் கடையால் தர முடியாது. அங்கே நீங்கள் விலை கொடுப்பது தேர்வு செய்யும் வசதிக்கும் தெரிந்தவரின் கவனிப்புக்கும். அவை உங்களுக்குத் தேவைப்படும் வாரத்தில் அங்கே போவதை வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: எல்லா பிராண்டும் ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வருகிறது, உறை மட்டும்தான் வேறு என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஒரே ஆலை பல பிராண்ட்களுக்குப் பொருள் கட்டித் தருவது பரவலான வழக்கம். வெளியில் தெரியாமலிருக்கும் இந்த ஏற்பாடு, ஏதாவது தவறு நேரும்போதுதான் பகிரங்கமாகிறது. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் பாக்கெட் கீரையில் இ.கோலை கிருமி பரவி மக்கள் நோய்வாய்ப்பட்டபோது, கலிபோர்னியாவின் ஒரே நிறுவனம் கட்டிய கீரை பல்வேறு பிராண்ட் பெயர்களில் பலதரப்பட்ட கடைகளுக்குப் போயிருந்தது தெரியவந்து, அத்தனை பெயர்களையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஆனால் ஒரே ஆலை என்பதால் ஒரே பொருள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாங்கும் கடை தரும் செய்முறைக் குறிப்பின்படி, காலையில் ஒரு சேர்மானத்திலும் மாலையில் வேறொரு சேர்மானத்திலும் அதே இயந்திரம் ஓடலாம். கொக்கோவின் அளவு மாறலாம், உடைந்த துண்டுகளை எவ்வளவு அனுமதிப்பது என்ற வரம்பு மாறலாம். நண்பரின் வாதத்தைச் சோதிக்க ஆலையின் முகவரியைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் வைத்து, உட்பொருள் பட்டியலையும் ஊட்டச்சத்து அட்டவணையையும் ஒப்பிடுங்கள். கொழுப்பு, சர்க்கரை, புரதம், உப்பு நான்கும் தசமப் புள்ளி வரை ஒத்துப்போனால் நண்பர் சொல்வது அநேகமாகச் சரியாக இருக்கும்.

கேள்வி: மலிவுக் கடையில் வாங்கும் காய்களும் பழங்களும் சீக்கிரமே வாடிவிடுகின்றன. இது தரக் குறைவுதானே?

பதில்: சில நேரங்களில் ஆம், ஆனால் காரணம் ஒன்றல்ல, இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

காய்கறிகளின் வணிகத் தரப் பிரிவுகளுக்கும் ஊட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் எக்ஸ்ட்ரா, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவினை பெரும்பாலும் வடிவம், நிறம், தோலில் உள்ள தழும்பு, அளவின் ஒற்றுமை ஆகியவற்றைப் பொறுத்தது. வளைந்த வெள்ளரிக்காயையும் கோணலான கேரட்டையும் ஒதுக்கிவைத்த இந்த விதிகள் மிகையானவை என்பதை உணர்ந்து, 2009இல் 26 வகைக் காய், பழங்களுக்கு அவற்றை நீக்கினார்கள். ஆக, கோணலும் தழும்பும் உங்களை அஞ்ச வைக்க வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது காலமும் வெப்பமும். அறுவடை ஆன பின்னும் காய்கள் சுவாசிக்கின்றன. வெப்பம் கூடக் கூட அந்தச் சுவாசம் வேகமெடுத்து, இனிப்பும் மொறுமொறுப்பும் வைட்டமின் சி-யும் குறைகின்றன. வயலிலிருந்து கடை வரை குளிர் அறாமல் வந்த கீரை ஒரு வாரம் தாங்கும். நடுவே லாரியிலோ கடையின் பின்கட்டிலோ அரைநாள் வெயிலில் கிடந்த கீரை, பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும், வீட்டுக்கு வந்த மறுநாளே துவண்டுவிடும். இந்தக் குளிர்த் தொடர் அறாமல் காப்பதில் அக்கறை கொண்ட மேலாளர் எந்த விலைக் கடையிலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சரக்கு வேகமாக விற்றுத் தீரும் மலிவுக் கடையின் காய், கூட்டமில்லாத ஆடம்பரக் கடையில் நாள்கணக்கில் பன்னீர் தெளித்தாற்போல் நீர் தெளித்து வைக்கப்பட்ட காயைவிடப் புதியதாக இருப்பதும் உண்டு.

இன்னொரு காரணம் கட்டும் முறை. மலிவுக் கடைகளில் காய்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பாக்கெட்டில் கட்டப்பட்டு வருவதால், உள்ளே ஒன்று அழுகத் தொடங்கியிருந்தாலும் உங்களால் அதை விலக்கி எடுக்க முடியாது. பாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கம் ஈரம் கட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஆப்பிளையும் கீரையையும் ஒன்றாக வைக்காதீர்கள். பழுக்கும் ஆப்பிளும் வாழையும் வெளியிடும் எத்திலீன் வாயு, பக்கத்தில் உள்ள இலைகளை மஞ்சளாக்கிவிடும். கடையின் மேல் போடப்படும் பழிகளில் ஒரு பங்கு நம் குளிர்பெட்டியைச் சேரும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இறைச்சியை மட்டுமாவது விலை கூடிய கடையில் வாங்குவது பாதுகாப்பு அல்லவா? அங்கே நிறமே பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது.

பதில்: அந்தச் சிவப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆக்சிஜன் மிகுந்த வாயுக் கலவையை நிரப்பிக் கட்டினால் மாட்டிறைச்சி பல நாள்கள் பளிச்சென்று சிவந்தே இருக்கும்; காற்றை உறிஞ்சி இறுகக் கட்டிய இறைச்சி கருஞ்சிவப்பாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் அதுதான் கூடுதல் நாள் கெடாமல் இருக்கும். தரத்தைக் காட்டும் விவரங்கள் லேபிளில் உள்ளன: கொத்திய இறைச்சியில் கொழுப்பு எத்தனை சதவீதம், கோழி இறைச்சியில் உப்புநீர் சேர்த்திருக்கிறார்களா, கட்டிய நாள் எது, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும். உப்புநீர் ஏற்றிய கோழியின் எடையில் ஒரு பங்கு தண்ணீர். அங்கே குறைந்த விலை வெறும் தோற்றம்தான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கடையின் விலைமட்டம் ஒரு காப்பு என்பதற்கு அனுபவம் சாட்சி சொல்லவில்லை. மாட்டிறைச்சி பர்கர்களைப் பரிசோதித்ததில் குதிரை மரபணு தென்பட்டதாக 2013ஆம் ஆண்டு ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அவை மலிவு விலைக் கடைகளிலும் வழக்கமான பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் விற்கப்பட்டவை. கொத்தி, கலந்து, பல கைகள் மாறி வந்த இறைச்சியில்தான் அந்த மோசடி எளிதாக ஒளிந்துகொண்டது. ஆகையால் எங்கு வாங்கினாலும் முழுத் துண்டாக வாங்கிக் கண்முன்னே கொத்தச் சொல்வது நல்லது. அந்த வசதி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, இறைச்சி வெட்டுபவர் உள்ள கடைக்குக் கூடுதல் விலை கொடுக்க நானும் சம்மதிப்பேன்.

கேள்வி: லேபிள் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், விலை கூடிய கடைப் பொருளின் ருசியே தனி. நாக்கு பொய் சொல்லுமா?

பதில்: நாக்கு பொய் சொல்லாது, ஆனால் அது தனியாகத் தீர்ப்பு எழுதுவதுமில்லை. 2008இல் ஹில்கே பிளாஸ்மான், அன்டோனியோ ரங்கெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே ஒயினை வெவ்வேறு விலை சொல்லிக் குடிக்கத் தந்தார்கள். விலை கூடுதல் என்று சொன்னபோது மக்கள் அதை அதிகம் ரசித்ததாகக் கூறியதோடு, மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியதைக் கருவி பதிவு செய்தது. அதாவது அவர்கள் நடிக்கவில்லை, உண்மையாகவே ரசித்தார்கள். உங்கள் ருசியும் அப்படி உண்மையானதாக இருக்கலாம், காரணம் மட்டும் பாட்டிலுக்கு வெளியே இருக்கலாம். வீட்டில் ஒருவரை விட்டு இரண்டையும் அடையாளமில்லாத கிண்ணங்களில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் தயங்காமல் விலை கூடியதையே வாங்குங்கள். ஆலிவ் எண்ணெய், காப்பி, சாக்லேட் போன்றவற்றில் உண்மையான வித்தியாசம் அடிக்கடி இருக்கவே செய்கிறது.

கேள்வி: தேதி முடியப் போகும் பொருளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பாக்கெட்டில் இருப்பது எந்தத் தேதி என்று பாருங்கள். இந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இருந்தால் அது பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கை. அதைத் தாண்டக் கூடாது, வாங்கிய அன்றே சமைக்கவோ உறைய வைக்கவோ வேண்டும். இந்த நாள் வரை சிறப்பாக இருக்கும் என்று இருந்தால் அது சுவையும் மணமும் பற்றிய உறுதி மட்டுமே. பிஸ்கட், பாஸ்தா, டப்பா உணவு ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். டப்பா உப்பியோ ஒடுங்கியோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: மலிவுக் கடையில் விற்கும் ஆர்கானிக் முத்திரை நம்பத் தக்கதா?

பதில்: முத்திரையைத் தருவது கடையல்ல, சான்றளிக்கும் அமைப்பு, ஆகவே ஒரே முத்திரைக்கு எந்தக் கடையிலும் ஒரே விதிகள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டை ஓட்டின் மேலேயே 0 முதல் 3 வரை ஓர் எண் அச்சிடுகிறார்கள்: 0 என்றால் ஆர்கானிக், 1 வெளியில் மேய விட்ட கோழி, 2 கொட்டகைக்குள் திரியும் கோழி, 3 கூண்டுக் கோழி. 0 என்ற எண் மலிவுக் கடைப் பெட்டியில் இருந்தாலும் அதே 0தான். ஏமாற வாய்ப்புள்ள இடம், எந்தச் சான்றும் இல்லாமல் உறையில் பச்சை இலையும் பண்ணை வீட்டுப் படமும் ‘இயற்கையானது’ என்ற சொல்லும் மட்டும் இருக்கும் பாக்கெட்; அதை நான் அதிகம் பார்ப்பது விலை கூடிய கடைகளில்தான்.